ஏரிக்குள்ள பிட்ச், பீரோவுக்குள்ள நோட்டு: ஊர் கிரிக்கெட் டீம் நடத்துறவங்களின் அனுபவப் பகிர்வு

ஸ்கோர்நோட்டு:
சென்னைப் புறநகர்ல மேடவாக்கம், மாடம்பாக்கம், குன்றத்தூர், மாங்காடு பக்கம் இன்னிக்கு அபார்ட்மெண்ட் நிக்கிற இடமெல்லாம் வயலும் ஏரியுமா இருந்த காலத்திலேயே ஊருக்கு ஒரு டீம் இருந்தது. அதில் நிறைய டீம் இப்ப வாட்ஸ்அப் குரூப்பா மட்டும்தான் இருக்கு. அப்படி நின்னுபோன டீம் எதையும் விசாரிச்சுப் பாருங்க, ஆடத் தெரிஞ்ச ஆள் இல்லாம நின்னிருக்காது. கிரவுண்டு போயிருக்கும், இல்ல கணக்கில் சண்டை வந்திருக்கும். அதனால "நான் அடிச்ச சிக்ஸர்" கதை இங்க வேண்டாம். உங்க ஊர்ல எது கைகொடுத்தது, எது சொதப்பியது, ஏன் சொதப்பியதுன்னு எழுதுங்க.

ஏரிக்கரை எண்ட்:
அப்படியானால் கிரவுண்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். புறநகரில் கிரவுண்டு என்றால் பெரும்பாலும் ஏரிதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பரில் விடும். தண்ணீர் வற்றித் தரை ஆளைத் தாங்க மாசி, பங்குனி ஆகிவிடும். அவசரப்பட்டு இறங்கினால் மண்வெட்டியில் சேறுதான் அப்பிக்கொண்டு வரும். குதிகாலை ஊன்றிப் பாருங்கள். தடம் அரை இஞ்சுக்கு மேல் இறங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கணும்.

பிட்ச் வடக்கு தெற்காக அமையணும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலை முதல் மேட்சிலும் சாயங்காலம் கடைசி மேட்சிலும் ஒரு எண்டில் நிற்கிறவன் கண்ணில் நேராக வெயில் அடிக்கும். அப்புறம் டாஸ் தோற்ற டீம் மேட்ச் முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கெஜம், 66 அடி. அகலம் விதிப்படி 10 அடி. டென்னிஸ் பந்துக்கு 8 அடி சுத்தம் செய்தால் போதும். 22 தப்படி வைத்து அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளக்கிறவன் உயரத்தைப் பொறுத்து 58 அடியும் வரும், 70 அடியும் வரும். நைலான் கயிறும் உதவாது, இழுத்தால் நீளும். பழைய கேபிள் டிவி ஒயரை 66 அடிக்கு நறுக்கி, ஒரு முனையிலிருந்து 4 அடியில் சிவப்பு டேப் சுற்றி கிட் பையில் போட்டுவிடுங்கள். அந்த 4 அடிதான் கிரீஸ் கோடு. கோடு நேராக விழ, கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற கணக்கே போதும்: நீளவாக்கில் 4 அடி, குறுக்கே 3 அடி, இரண்டு முனைக்கும் நடுவே 5 அடி வரணும். கோணிப்போன கிரீஸில் ரன் அவுட் சண்டை தீரவே தீராது.

இனி மண். புல்லைச் செதுக்கினால் மட்டும் போதாது, கோரைக்கிழங்கைத் தோண்டி எடுக்கணும். விட்டால் நாலே நாளில் முளைத்து, அதில் பட்ட பந்து ஒரு தடவை முகத்துக்கும் அடுத்த தடவை முட்டிக்கும் வரும். சீமைக்கருவேல முள்ளைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, சாயங்காலம் தண்ணீர் கட்டுங்கள். மூணு நாலு இஞ்ச் ஆழம் ஊறணும். மேலாகத் தெளித்துவிட்டு உருட்டினால் பொருக்குதான் கட்டும், முதல் மேட்சிலேயே தட்டுத் தட்டாகப் பெயர்ந்துவிடும். மறுநாள் காலையில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். தடம் விழணும், விரலில் மண் ஒட்டக்கூடாது. அதுதான் உருட்டுகிற நேரம். ஒட்டினால் ரோலரோடு மண்ணும் சேர்ந்து கிளம்பிவிடும்.

ரோலர் இல்லாத ஊரில் 200 லிட்டர் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டுகிறார்கள். ஏறக்குறைய 200 கிலோ வரும். சிலர் ஆசையில் கான்கிரீட் போட்டு நிரப்பிவிடுவார்கள். அது 450 கிலோவைத் தாண்டும், ஏரிக்குள் ஒரு தடவை இறக்கினால் அப்புறம் கரையேற்ற முடியாது. டிரம்மில் இருக்கிற வளையம் மண்ணில் வரிவரியாகத் தடம் போடும், அதனால் சாக்கைச் சுற்றி உருட்டணும். டிரம்மும் இல்லையென்றால் திமிசுக்கட்டை இருக்கிறது. மெதுவாக, ஸ்டம்பிலிருந்து ஸ்டம்பு வரை நீளவாக்கில் மட்டும் அடித்துக்கொண்டு போகணும்.

பவுலர் கால் ஊன்றுகிற குழியில் மணலைக் கொட்டுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. மணல் பிடிக்காது, அடுத்த பவுலருக்குக் கணுக்கால் பிசகும். அதே ஏரிக் களிமண்ணைச் சலித்து, ஈரமாக்கி, குழிக்குள் இடித்து இறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிடணும்.

கடைசியாக ஒன்று: ஏரிக்குள் சிமெண்ட் பிட்ச் போட யாராவது பணம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். நீர்நிலையில் நிரந்தரமாக எதைக் கட்டினாலும் ஆக்கிரமிப்புதான். சிமெண்டை இடிக்க வருகிறவர்கள் ஆட்டத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போவார்கள்.

வடசென்னை கட்டர்:
எங்க பக்கம் ஏரியெல்லாம் ஏதுணா. கார்ப்பரேஷன் கிரவுண்டு ஒண்ணு, அதுல ஒரே நேரத்துல அஞ்சாறு மேட்ச். நம்ம மிட்விக்கெட்ல நிக்கிறவன் பக்கத்து மேட்சுக்கு ஸ்லிப் மாதிரி நிப்பான். அதுக்குன்னு சில விஷயம் முன்னாடியே பேசிக்கணும். பந்து வேற மேட்ச் ஆள் மேல பட்டா டெட் பால், ஓடின ரன் செல்லாது. பந்துல மார்க்கர் பேனாவால டீம் எழுத்து போட்டு வைக்கணும், இல்லேன்னா புதுப் பந்து போய் மொட்டைப் பந்து திரும்பி வரும். ஸ்டம்பு அடிக்க முடியாத கெட்டித் தரை, அதனால மரக்கட்டையில ஓட்டை போட்டு ஸ்டம்பை நிறுத்துறாங்க. கட்டையோட சேர்த்து ஸ்டம்போட மொத்த உயரம் 28 இஞ்சைத் தாண்டினா, மேலாகப் போக வேண்டிய பந்தெல்லாம் போல்டு ஆகும். ஸ்டம்போட அடியை அந்த அளவுக்கு அறுத்துக்கங்க.

பிட்ச் மேல விரிக்கிற கயிற்றுப்பாய், அதான் மேட்டிங், வச்சிருக்கிற டீமுக்கு: ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஆள் நின்னு இழுக்கணும். தொளதொளன்னு இருந்தா பந்து மடிப்புல பட்டு எங்கேயோ போவும். ஆணித்தலைக்கு வாஷர் போடலேன்னா ஓட்டை பெருசாயி ஒரே சீசன்ல ஓரம் கிழிஞ்சிடும். இரும்பு முள் ஷூவோட மேல ஏத்தாதீங்க. சவுக்குக் கட்டையில சுத்தி, தரையில படாம செங்கல் மேல வைங்க. ஈரத்தோட சுத்தி வச்ச பாயைக் கரையான் விடாது.

பழைய மைதானம்:
மேட்டிங் பற்றிச் சொன்னதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் வெகுகாலம் மேட்டிங்கில்தான் ஆட்டம் நடந்தது. லீக்கில் பேர்போன திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் கிளப்புகளும் பேட்டைப் பெயரோடு கிளம்பியவைதான்.

இங்கே கிளப் என்ற ஏற்பாடே ஒரு மனத்தாங்கலில் வளர்ந்தது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது, அது வெள்ளைக்காரர்களுக்கானது. சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடிதான். அந்த அவமரியாதை பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்சுக்கு 1908-ல் ஏற்பாடு செய்துவிட்டு, மேட்சுக்குச் சில நாள் முன்னால் காலமானார். பிற்பாடு 1915-16 பருவத்திலிருந்து ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி அந்த மேட்ச் சேப்பாக்கத்தில் நடந்துவந்து 1952-ல் நின்றது. இப்போது காணும் பொங்கலுக்கு ஊரெல்லாம் டோர்னமெண்ட் போடுகிறோமே, பொங்கலுக்கும் கிரிக்கெட்டுக்கும் இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் சம்பந்தம். ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்சும் இங்கேதான்: 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், மெட்ராஸ்–மைசூர். மெட்ராஸின் ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார், மேட்ச் ஒரே நாளில் முடிந்தது.

சொந்த ஊர் டீமின் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு: பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு வருஷம் வரும். "கபில் கப் வாங்கினதுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேளுங்கள், 1983 நின்றுவிடும். 1986 சேப்பாக்கம் டை டெஸ்ட், 2004 சுனாமி, 2015 வெள்ளம் எல்லாம் இப்படி ஆணி அடிக்க உதவும். கோப்பைகளின் அடித்தகட்டில் வருஷம் பொறித்திருக்கும். குரூப் போட்டோவுக்குப் பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். போட்டோவில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக இப்போதே எழுதி வாங்குங்கள். எல்லோரையும் அடையாளம் சொல்லக்கூடியவர் ஊருக்கு இரண்டு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள்.

பொருளாளர்:
கணக்குக்கு வரேன். தோத்தா வெளியேறுற நாக்அவுட்னா மொத்த மேட்ச் = டீம் எண்ணிக்கையில ஒண்ணு கம்மி. 32 டீம்னா 31 மேட்ச். 8 ஓவர் மேட்ச் ஒண்ணு, டாஸ், பிரேக், வாக்குவாதம் எல்லாம் சேர்த்து 85 நிமிஷம் பிடிக்கும். காலை ஆறரைக்கு ஆரம்பிச்சா இருட்டுறதுக்குள்ள 8 மேட்ச். முதல் சனி, ஞாயிறு முதல் ரவுண்டு 16 மேட்ச். அடுத்த சனி 8. ஞாயிறு கால் இறுதி 4, அரை இறுதி 2, ஃபைனல், ஆக 7. சரியா பொருந்தும். ஆனா ஃபைனல் ஆடுற டீம் அன்னிக்கு மட்டும் 3 மேட்ச் ஆடும், அது மே மாசம்னா மயக்கம்தான். மேட்சுக்கு ஒரு 20 லிட்டர் கேன், மத்தியானம் மோர். அதுல கஞ்சத்தனம் கூடாது.

பணம், ஒரு கணக்குக்குச் சொல்றேன், உங்க பக்கத்து ரேட்டைப் போட்டுக்கங்க. என்ட்ரி 1,500 வச்சா 32 டீமுக்கு 48,000. பரிசு 15,000, 10,000, ரெண்டு 5,000, ஆக 35,000. மிச்சம் 13,000-ல மேட்சுக்கு 2 பந்துன்னு 62, தொலையுறதுக்குச் சேர்த்து 6 டஜன், மைக் செட், பந்தல், தண்ணி, சாப்பாடு. பத்தாது. கோப்பையை ஸ்பான்சர்கிட்ட விட்டாத்தான் சரிக்கட்டும்.

மாட்டிக்கிறது எங்கேன்னா, நோட்டீஸ்ல 32 டீமுக்கான பரிசை அடிச்சிட்டு 25 டீம்தான் வரும். வசூல் 37,500, பரிசு போக கையில 2,500. மிச்சச் செலவு கமிட்டி தலையில விழும், அதுல ரெண்டு பேர் பேச்சுவார்த்தை நிக்கும், டீம் உடையும். அதனால முழுப் பணம் கட்டினவங்க பேர் மட்டும்தான் சீட்டுல ஏறணும். "நேர்ல வந்து தரேன்" கிடையாது. 25 டீம் வந்தா 7 டீமுக்கு பை (முதல் ரவுண்டு ஆடாமலே அடுத்த ரவுண்டு), மத்த 18 டீம் 9 மேட்ச் ஆடினா ரெண்டாவது ரவுண்டுக்கு 16 டீம் ஆயிடும். பை யாருக்குன்னு எல்லார் முன்னாடியும் குலுக்குங்க. நடத்துற ஊருக்கு பை விழுந்தா, நேர்மையா விழுந்திருந்தாலும் ஊர் நம்பாது. எங்க வழக்கம், நடத்துற டீம் பை எடுக்கிறதில்லை.

லெக்அம்பயர்:
பொருளாளர் அண்ணே சொன்ன வாக்குவாதத்துல முக்கால்வாசி மூணே விஷயம்தான்.

வெளியூர் ஆள் முதல்ல. "ஊர் டீம்"னு சொல்லிட்டு ஃபைனலுக்கு மட்டும் எங்கிருந்தோ நாலு பேரை இறக்குவாங்க. முதல் மேட்சுக்கு முன்னாடியே 15 பேர் லிஸ்ட் வாங்கி, ஆதார் முகவரியைப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க, நகல் வச்சுக்காதீங்க. வெளி ஆள் 2 பேர்னு எழுதிட்டா அது 2 பேர்தான். கல்யாணமாகி வெளியூர் போனவன் ஊர் ஆளா இல்லையான்னு வருஷா வருஷம் சண்டை வரும், அதையும் எழுதிடுங்க.

ரெண்டாவது, கை மடக்கி எறியறது. டென்னிஸ் பந்துல வேகம் வேணும்னு பாதிப் பேர் எறியத்தான் செய்வான். மேட்ச் நடுவுல நோபால் கொடுத்தா அடிதடி. முதல் நாளே ஒவ்வொரு டீமும் தன் பவுலர்களைக் கமிட்டி முன்னாடி ரெண்டு பந்து போட்டுக் காட்டணும்னு வச்ச ஊர்ல இந்தத் தகராறு பெரும்பாலும் அடங்கியிருக்கு.

மூணாவது, ஒய்டு. கண்ணால பார்த்துக் கொடுத்தா அம்பயர் காலி. ஆஃப் ஸ்டம்புலேர்ந்து ஒரு பேட் நீளம் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போடுங்க, லெக்லயும் அதே மாதிரி. எல்பி (கால்ல பட்டு அவுட்) கிடையாதுன்னா அதையும் சொல்லிடுங்க, ஆனா வேணும்னே காலை நீட்டித் தடுக்கிறவனுக்கு ஒரு வார்னிங்னு சேர்த்துக்கங்க. மின்கம்பி, மரம், கோயில் மதில் பட்டா என்ன ரன்னுங்கிறது டாஸுக்கு முன்னாடி ரெண்டு கேப்டனும் நடந்து பார்த்துப் பேசிக்க வேண்டியது.

அம்பயர் மூணாவது ஊர்க்காரரா இருக்கட்டும். தோத்த டீம் அடுத்த மேட்சுக்கு அம்பயரிங்ங்கிற பழக்கம் செலவில்லாததுதான், ஆனா அவன் கடுப்புல நிக்கிறான்.

ஸ்கோர்நோட்டு:
ஆப்ல ஸ்கோர் போட்டாலும் நோட்டிலும் எழுதுங்க. போன் சூடாகி அணைஞ்சா யாருக்கும் ரன் தெரியாது. பேட்ஸ்மேன்கள் ரன்னும் எக்ஸ்ட்ராவும் கூட்டினா மொத்தம் வரணும். பவுலர்கள் கொடுத்ததோடு, பேட்ல படாம ஓடின பை, லெக் பை ரன்னைக் கூட்டினாலும் அதே மொத்தம் வரணும். ஓவருக்கு ஓவர் ரெண்டு பக்க ஸ்கோரரும் குரல் கொடுத்து ஒத்துக்கணும். கடைசி ஓவர்ல வந்து ஒத்துப் பார்த்தா காரியம் கெட்டுடும்.

வடசென்னை கட்டர்:
டீமை ரிஜிஸ்டர் பண்ணலாமா வேணாமா, அதைச் சொல்லுங்கணா.

பொருளாளர்:
1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல குறைஞ்சது 7 பேர் இருந்தா பதியலாம், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல. சங்கம் பேர்ல பேங்க் கணக்கு வரும், அது பெரிய நிம்மதி. பணம் தனி ஆள் கணக்குல கிடக்காது. ஆனா வருஷா வருஷம் பொதுக்குழு, வரவு செலவு, நிர்வாகிகள் பட்டியல் தாக்கல் பண்ணணும். அதை எழுத ஒரு ஆள் இல்லேன்னா இறங்காதீங்க. லெதர் பந்து லீக் ஆசை இருக்கிற பசங்களைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சங்கங்களோட லீக் பக்கம் அனுப்புங்க. ஊர் டீமையே அங்க கொண்டு போறதுன்னா பேட், காலுக்குப் பேடு, க்ளவுஸ், ஹெல்மெட், வெள்ளை உடைன்னு செலவே வேற.

ஏரிக்கரை எண்ட்:
டோர்னமெண்ட் தேதி குறிக்கும்போது ஊரைக் கேட்காமல் குறிக்காதீர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிறு, தேர், காதுகுத்து எல்லாம் பார்த்துக்கொள்ளணும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் மைக்கை உடனே அணைத்து, அன்றைய மேட்ச்களைத் தள்ளிவைக்கணும். வெளியூர் டீம் முணுமுணுக்கும்தான், நோட்டீஸிலேயே ஒரு வரி அடித்துவிட்டால் பேச்சு வராது. டீம் நோட்டு இருக்கிற பீரோவின் சாவி இரண்டு பேரிடம் இருக்கணும், அந்த இருவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக்கூடாது.

லெக்அம்பயர்:
காலை முதல் மேட்சுல பந்து ஊறிப்போகுதே, அதுக்கு என்ன பண்றீங்க?

ஏரிக்கரை எண்ட்:
தை, மாசிப் பனியில் அது இருக்கத்தான் செய்யும். பந்தின் மேல் ரோமம் ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும், எம்பாது, பேட்டில் பட்டாலும் தூரம் போகாது. மேட்சுக்கு இரண்டு பந்து என்றால் ஓவருக்கு ஓவர் மாற்றி மாற்றிப் போடுங்கள், ஓய்ந்திருக்கிற பந்தை அம்பயர் பருத்தித் துண்டில் சுற்றி வைத்திருக்கட்டும். முதல் மேட்சை ஆறரைக்குப் பதிலாக ஏழரைக்குத் தள்ளினால் இந்தத் தொல்லை பாதி குறையும், ஆனால் அன்றைக்கு 7 மேட்ச்தான் போட முடியும்.