சூடான என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை, ஆக்சிஜன் சென்சார் மாற்றியும் அதே தொல்லை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 2003 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், இன்ஜெக்ஷன் வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால்தான் சிக்கல். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இருமி இருமிப் பிடிக்கிறது, பின்னால் கறுப்புப் புகை. மூன்று மாதமாக மைலேஜும் இறங்கிக்கொண்டே வருகிறது. செக் என்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேன் செய்ததில் பி0172 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். இரண்டே நாளில் அதே விளக்கு, அதே கோடு. பிளக் நான்கும் கரி படிந்து கிடக்கின்றன. இப்போது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி, கைவிட மனமில்லை. ஆனால் இன்னொரு பாகத்தையும் குருட்டாம்போக்கில் மாற்ற விரும்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
பி0172 என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் பெட்ரோல் அதிகம் என்பதே இசியூவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தெரிந்திருக்கும். முழுக்க மிதித்தால் ஸ்டார்ட் ஆகிறது என்றீர்களே, அது நல்ல துப்பு தம்பி. பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டிருந்தால் இசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போகும், நனைந்த பிளக் காயும். அதாவது உங்கள் என்ஜின் பெட்ரோலில் மூழ்குகிறது, அதுவும் சூடான பிறகுதான்.

எனக்குச் சந்தேகம் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு என்று இசியூவுக்குச் சொல்லும் டெம்பரேச்சர் சென்சார் மேல். அதற்கு முன் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பியூயல் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்கம் ஹோஸ் (சின்ன ரப்பர் குழாய்) இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதுதான் குற்றவாளி. காய்ந்திருந்தால் ஸ்கேனரை மாட்டி, இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், பியூயல் டிரிம்மையும் (கலவையைச் சரிக்கட்ட இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) சேர்த்து.

பதில் 2:
கூலன்ட் சென்சார்தான், மாற்றிவிடுங்கள். சின்னப் பாகம். எனக்கும் இதே அறிகுறிதான் இருந்தது, மாற்றியதும் சரியானது.

கேட்டவர்:
ஹோஸ் காய்ந்துதான் இருக்கிறது. காலையில் காற்று 25 டிகிரி, கூலன்ட் 18. நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு கூலன்ட் 45 டிகிரியில் நிற்கிறது, மேலே ஏறவே இல்லை. ஷார்ட் டெர்ம் டிரிம் மைனஸ் 22. ஆனால் டேஷ்போர்டில் முள் எப்போதும் போல நடுவில்தான் நிற்கிறது. அதுதான் குழப்பம்.

பதில் 3:
தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் 45லேயே நிற்கும், அதையும் பாருங்கள்.

பதில் 1:
தெர்மோஸ்டாட்டாக இருந்தால் முள்ளும் கீழேதான் நிற்கும். காலையில் வந்த 18ஐயும் அதனால் விளக்க முடியாது, இரவெல்லாம் நின்ற வண்டியில் தெர்மோஸ்டாட்டுக்கு என்ன வேலை? பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு சென்சார் இருக்கும்: ஒற்றை வயர் உள்ளது முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளது இசியூவுக்கு. முள் உண்மையைச் சொல்கிறது, இசியூ என்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நம்பிப் பெட்ரோலை ஊற்றுகிறது.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். உங்கள் ரேடியேட்டர் ஃபேனை இசியூ இயக்குகிறது என்றால், 45 டிகிரிதான் என்று நம்பிக்கொண்டிருக்கும்வரை அது ஃபேனைப் போடாது. நெரிசலில் நின்றால் என்ஜின் கொதித்துவிடும். சரிசெய்யும்வரை முள்ளின் மேல் ஒரு கண் வைத்திருங்கள், ஏறினால் ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஏசியோடு ஃபேனும் ஓடும்.

இனி மல்டிமீட்டர். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் (உலோக முனை) இடையே ஓம் (மின்தடை) பாருங்கள், குளிரிலும் சூட்டிலும். வெப்பம் ஏற ஏற ஓம் குறைய வேண்டும். பரவலாக வரும் ஒரு வகையில் 20 டிகிரிக்கு 2500 ஓம் அளவிலும், 80 டிகிரிக்கு 300 முதல் 330 வரையும் இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

கேட்டவர்:
அண்ணா, ஃபேன் விஷயம் உண்மை. போன வாரம் ஒரு சிக்னலில் முள் முக்கால் வரை போனது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓம் பார்த்துவிட்டேன். 25 டிகிரியில் 2050. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 80 காட்டியபோது 320. சென்சார் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில் 1:
சென்சார் நன்றாகவே இருக்கிறது, மாற்றாமல் இருந்தது நல்லதாயிற்று. இப்போது கணக்கைப் பாருங்கள். இசியூ சென்சாரை மட்டும் அளப்பதில்லை, வயர், பின், கனெக்டர் எல்லாம் சேர்ந்த ஓமைத்தான் அளக்கிறது. 45 டிகிரி என்றால் இந்த வகையில் சுமார் 1000 ஓம். சென்சார் கொடுப்பது 300 பக்கம், மீதி 700 எங்கோ வழியில் சேர்கிறது. அதே 700ஐக் குளிரில் சேர்த்தால் 2050, 2750 ஆகும். அது 18 டிகிரி. காலையில் நீங்கள் பார்த்த அதே எண். குளிரில் அந்த 700ஆல் ஏழு டிகிரிதான் தவறுகிறது, அதனால்தான் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. சூட்டில் பாதி வெப்பம் காணாமல் போகிறது.

உறுதி செய்ய, கழற்றிய கனெக்டரில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி ஸ்கேனரைப் பாருங்கள். 80 பக்கம் காட்ட வேண்டும். 45 காட்டினால் வயரிங்தான். அப்படியே கனெக்டரின் பின்பக்க வயரை மெதுவாக அசைத்து எண் தாவுகிறதா என்று கவனியுங்கள். வயரின் மேல்தோலில் ஊசி குத்திப் பார்க்காதீர்கள், அந்த ஓட்டை வழியே ஈரம் இறங்கி அடுத்த வருடம் இன்னொரு கோளாறு வரும்.

கேட்டவர்:
ரெசிஸ்டர் போட்டதும் 44. ஒரு வயரை அசைத்ததும் 79க்குத் தாவியது, விட்டதும் மறுபடி 50. பிரித்துப் பார்த்தால் பின்பக்க ரப்பர் சீல் வெடித்திருக்கிறது, உலோகப் பின் வயரைக் கவ்வும் இடத்தில் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதுமா?

பதில் 1:
போதாது. களிம்பு செப்பு இழைகளுக்குள் ஏறியிருக்கும். பளபளப்பான செப்பு தெரியும்வரை வயரை வெட்டி, புதுப் பின், புது சீல் போட்டு கிரிம்ப் செய்யுங்கள் (பின்னை வயரோடு அழுத்திக் கவ்வ வையுங்கள்). பக்கத்துப் பின்னையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து):
முடித்துவிட்டேன். காலையில் காற்று, கூலன்ட் இரண்டும் 25. ஓட்டியதும் 90ஐ ஒட்டி நிற்கிறது, ஃபேன் தானாக ஓடி நிற்கிறது, டிரிம் மைனஸ் 2. சூட்டில் பத்துத் தடவையாவது ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழைய ஆக்சிஜன் சென்சாரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது நல்லதுதானா?

பதில் 1:
பெரும்பாலும் நல்லதுதான், ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சென்சாரில் கரி படிந்திருந்தாலும் சூட்டில் ஓட ஓட எரிந்துவிடும். பிளக்கைச் சுத்தம் செய்துவிடுங்கள். என்ஜின் ஆயிலை உடனே மாற்றுங்கள். மூன்று மாதம் ஊற்றிய பெட்ரோலில் கொஞ்சம் பிஸ்டன் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்திருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், வாடை தெரியும்.