மறு: ஷஃபிள் – ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அல்சூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஸ்ட்ராபெரி இசை இயக்கியின் தமிழாக்கத்தில் ஷஃபிள், அதாவது பாடல்களை வரிசை மாற்றி ஒலிக்கும் வசதி, அதற்கான சொல் மட்டும் பாக்கி. கட்டற்ற மென்பொருள், கிளெமென்டைன் என்ற இயக்கியிலிருந்து பிரிந்தது, அதற்கும் முன்னோர் பழைய அமரோக் இயக்கி. பட்டியில் நான்கு வரிகள் இருக்கின்றன: வரிசையை மாற்றாதிருப்பது, எல்லாப் பாடல்களையும் மாற்றுவது, ஒரு தொகுப்புக்குள் (ஆல்பம்) மட்டும் மாற்றுவது, தொகுப்புகளை இடம் மாற்றி அவற்றின் உள்வரிசையை அப்படியே விடுவது. நான்குக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். ஞாயிறு காலை எங்கள் பெங்களூர்த் தமிழ் வகுப்புக் கணினிகளில் நிறுவுகிறோம். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பவர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள்.

ஜெயநகரிலிருந்து:

புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை அம்மா. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்பார்கள்; இலக்கணம் எழுதிய நன்னூலார் அது எட்டு என்றார், எட்டாவது அடிமறிமாற்று. அடிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் பாட்டின் பொருள் கெடாது. உங்கள் பொத்தான் செய்வதும் அதுதானே? "மறிமாற்று" என்று வையுங்கள். வரிசை மாறாமல் ஒலிப்பதற்கு, ஆற்றுநீர் போல நேரே செல்லும் பொருள்கோளான "யாற்றுநீர்" தயாராகவே இருக்கிறது. மறிதல் என்றால் மடங்குதல், திரும்புதல். மறி, மறு, மாறு மூன்றும் ஒரு வேரின் கிளைகள் என்பது என் துணிபு. ஆட்டுக்குட்டிக்கு மறி என்ற பெயர் வந்ததும் அது துள்ளித் திரும்புவதால்தான் என்று நினைக்கிறேன். விரித்து எழுத இடம் போதாது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

இடம் போதாமல் போனது நல்லது ஐயா. பொத்தானில் "மறி" என்று பார்த்தால் என் தலைமுறைக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும். பாட்டை நிறுத்துகிற பொத்தான் என்று ஒருவரும் தொட மாட்டார்கள்.

என் வாக்கு "குலுக்கல்". எளிய சொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ரேண்டம் வேறு, ஷஃபிள் வேறு. ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்தால், இப்போது கேட்ட பாட்டே அடுத்தும் வரலாம். ஷஃபிளில் ஒரு சுற்று முடியும்வரை எதுவும் திரும்ப வராது. 1938-இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் காட்டிய வழி தாளும் பென்சிலும் போதுமானது: மீதமுள்ள எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடு, அதை அடித்துவிடு, தனியே எழுது, எல்லாம் தீரும்வரை தொடர். 1964-இல் டர்ஸ்டென்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி சுருக்கினார். நம் குலுக்குச் சீட்டும் இதேதான். சீட்டு விழுந்தவரின் பெயரை மறுபடி டப்பாவில் போடுகிறோமா?

மல்லேசுவரத்திலிருந்து:

கணக்கு சரி தம்பி. ஆனால் அதை வினையாக்கிப் பாருங்கள்: "தொகுப்பைக் குலுக்கு", "குலுக்காதே". மருந்துப் புட்டியில் ஒட்டிய தாளைப் போல இருக்கிறது. எங்கள் வீட்டில் ரம்மி ஆடும்போது சீட்டைக் கலைத்துத்தான் போடுவார்கள். "கலைத்துப் பாடு" என்றால் யாருக்குப் புரியாது?

ஜெயநகர் ஐயாவுக்கும் ஒரு மறுப்பு. மாற்றினாலும் கெடாததுதான் அடிமறி. ஆலாபனையில் தொடங்கிப் பல்லவியில் முடியும் ஒரு ராகம் தானம் பல்லவியை நான் மூன்று கோப்புகளாக வெட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பொத்தானை அழுத்தினால் முதலில் பல்லவி, நடுவில் வேறொரு கச்சேரியின் மங்களம், கடைசியில் ஆலாபனை. கெடுகிறது ஐயா, நன்றாகவே கெடுகிறது. இலக்கணத்தில்தான் தேட வேண்டுமென்றால் தொல்காப்பியர் சொன்ன சுண்ணம் இருக்கிறது, சொற்கள் இடம் மாறிச் சிதறிக் கிடப்பது. "சுரையாழ அம்மி மிதப்ப" என்று கிடப்பதைக் கேட்பவர்தான் பிரித்து, சுரை மிதக்க அம்மி ஆழ என்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

மறியலுக்குப் பிறகு சுண்ணாம்பா? "கலை"யிலும் சிக்கல் இருக்கிறது. சட்டமன்றத்தைக் கலைத்தால் அது மீண்டும் கூடுவதில்லை. "தொகுப்புகளைக் கலை" என்று படிப்பவர், சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும் என்று அஞ்சுவார். தவிர, "கலைத்துப் பாடு" பொத்தானில் அடங்கவில்லை. போட்டுப் பார்த்தேன்; "கலைத்துப்" என்பதோடு நின்று மூன்று புள்ளிகள் வருகின்றன.

அல்சூரிலிருந்து:

வகுப்பில் மூத்த பிள்ளைகளிடம் "கலை" என்றால் என்ன என்று கேட்டேன். ஒருத்தி ஓவியம் என்றாள். இன்னொருவன் கன்னடத்துக் "கலசு" என்று நினைத்து, சோறு பிசைவதா என்றான்.

ஜெயநகரிலிருந்து:

அந்தப் பையன் வழி தவறவில்லை! கல என்னும் அடியிலிருந்து கலவை, கலப்பு, கலக்கம் எல்லாம் வருகின்றன. கலத்தல் சேர்வது, கலைத்தல் பிரிப்பது. ஒரே வேர் இரு திசையிலும் எப்படிப் போயிற்று என்பதைத்தான் நாம் முதலில் ஆராய வேண்டும்.

அல்சூரிலிருந்து:

ஆராய்வோம் ஐயா, ஆனால் இப்போது சனி இரவு பத்தரை. மல்லேசுவரம் அம்மா சொன்ன குறை வினையில்தான் என்பதால் வினையையே தவிர்த்துவிட்டேன்: "குலுக்கல் வேண்டாம்", "குலுக்கல்: அனைத்தும்", "குலுக்கல்: இத்தொகுப்பு", "குலுக்கல்: தொகுப்புகள்". பொத்தானிலும் அடங்குகிறது. மறுப்பு இருந்தால் அரை மணிக்குள் சொல்லுங்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:

பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன். ராகம் தானம் பல்லவியை மட்டும் ஒரே கோப்பாக ஒட்டிக்கொள்கிறேன்.

ஜெயநகரிலிருந்து:

என் மாறுபாடு பதிவாகட்டும். லாட்டரிக் கடைச் சொல்லை இசைக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். போகட்டும், ரிப்பீட்டுக்கு என்ன வைத்தீர்கள்? மண்டிலம் என்றால் வட்டம். அடிமறி மண்டில ஆசிரியப்பா என்றே ஒரு பா வகை இருக்கிறது, ஆகவே

அல்சூரிலிருந்து:

மடல் பாதியில் வந்திருக்கிறது ஐயா. ரிப்பீட் போன மாதமே "மீண்டும்" என்று போய்விட்டது.