கோவிந்தனுக்கு ஒரு காம்பராவாவது கேட்கலாமா?

பாரதிபுரத்தான்:
எங்கள் அப்பாயி 1977 இனக் கலவரத்தோடு மலைநாட்டு ஹேவாஹெட்டைப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். இங்கே காடு வெட்டிக் குடியேறிய கதையைவிட முல்லோயா கோவிந்தன் கதையைத்தான் அதிகம் சொல்லுவார். 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு இறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அப்பாயி அப்போது பிறக்கவே இல்லை. சொல்வதைக் கேட்டால் பக்கத்தில் நின்றவர் மாதிரி இருக்கும்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். இலங்கையில் தேயிலைப் பயிரைத் தொடக்கிய வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெய்லருக்கு இடம் உண்டு, கொழுந்து அரைக்கும் ரோலர் மிசினுக்கும் உண்டு. கோவிந்தன் விழுந்த இடத்துக்கும், ஹற்றனில் 1931இல் சங்கம் கட்டிய நடேசய்யரும் பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்த மீனாட்சியம்மாளும் புழங்கிய இடங்களுக்கும் நினைவிடமாக வைத்துப் பராமரிக்க அரசிடம் காசு கேட்டால் என்ன? வன்னியிலிருந்து கேட்டால் சிரிப்பார்களா?

செட்டிகுளம் மணி:
சிரிக்க மாட்டார்கள் தம்பி, சட்டத்தைக் காட்டுவார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் புராதனச் சின்னம் என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தியது. நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். பிந்திய கட்டடத்துக்கு அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும்.

முள்ளியவளை அக்கா:
எங்கள் பக்கம் தொல்பொருள் பலகை நட்டாலே வயல் போய்விடுமோ என்று சனம் நடுங்குது. நீங்கள் கூப்பிட்டு நடச் சொல்லுறீங்கள்! தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயனில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நினைவுச்சின்னம் என்று அறிவித்தால் கூரைத் தகரம் மாற்றவும் கடிதம் எழுத வேண்டி வரும். முதலில் அவர்களுக்குக் காணியும் வீடும் கொடுக்கட்டும்.

பாரதிபுரத்தான்:
அக்கா சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆள் இருக்கும் லயன் வேண்டாம். சனம் வீடு கட்டிப் போன பிறகு, இடிக்காமல் ஒரு காம்பரா, அதுதான் லயனின் ஒரு அறை, விட்டால் போதும். பழைய பீக்கொக் தோட்டத்தில் லயனிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் நடக்கிறது. நடத்துவது தொண்டு நிறுவனம். அந்த மாதிரி இடத்துக்கு வருடா வருடம் பராமரிப்புக் காசு கொடுக்கலாம். சிலை திறக்க ஒதுக்கும் காசு பெயின்ட் காயும் முன்னே முடிந்துவிடும், அதுதான் என் எரிச்சல்.

செட்டிகுளம் மணி:
அப்படியென்றால் தலைமன்னாரையும் சேருங்கள். மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று 2023இல் முன்னோர் வந்த வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் அங்கிருந்துதானே கிளம்பினார்கள். அதற்கு மலைநாடு வரை போகத் தேவையில்லை, மன்னார்க் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, மனுக் கொடுக்கலாம்.

பாரதிபுரத்தான்:
நல்லது மணி அண்ணை. அப்பாயி பேசியது போனில் நாற்பது நிமிடம் இருக்கிறது. மனுவோடு அதையும் சீடியில் போட்டுக் கொடுப்போம். திங்கள் வவுனியா வருகிறேன்.