கடைவாய்ப் பல்லில் வெள்ளைத் திட்டு: ஃப்ளோரைடு வார்னிஷ் போடலாமா?

கவுந்தப்பாடி பக்கம்ங்க. பொண்ணுக்கு 7 வயசு. புதுசா முளைச்ச கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டுலயும் ஈறை ஒட்டி சுண்ணாம்பு தேய்ச்ச மாதிரி வெள்ளைத் திட்டு, மேல் பள்ளத்துல பழுப்புக் கோடு. வைகாசியில கண்ணுல பட்டது. இப்ப ஜில்லுனு குடிச்சா வலது பக்கம் கூசுது. குழி விழலை, முன்பல்லுல திட்டு இல்லை.

படுக்கறப்ப நாட்டுச் சர்க்கரை போட்ட பால் குடிக்கிற பழக்கம். (நாட்டுச் சர்க்கரை பல்லை ஒண்ணும் பண்ணாதுன்னு இங்க எல்லாரும் சொல்வாங்க, அதுலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.) தூக்கத்துல எச்சில் குறையும், அமிலம் பல்லுலயே நிக்கும். இப்ப பால் ராத்திரி சாப்பாட்டோட, சர்க்கரை இல்லாம. கமர்கட், கடலை மிட்டாய் நிறுத்தியாச்சு. வேன்ல கொறிக்க வறுத்த நிலக்கடலை. 1000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு, துலக்கித் துப்பறதோட சரி, கொப்பளிக்கறதில்லை. திட்டு மங்கலை.

சிக்கல் தண்ணிலதான். போர் தண்ணியில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.8 மி.கி.; 1.5ஐத் தாண்டக் கூடாது, ஃப்ளோரைடு கூடினாலும் பல்லுல திட்டு வருமே. குடிக்க ஆர்ஓ வெச்சாச்சு, சமையலுக்கு இன்னும் போர்தான். டாக்டர் பள்ளத்தை அடைக்க சீலன்ட்டும், 6 மாசத்துக்கு ஒருக்கா பல்லு மேல பூசற ஃப்ளோரைடு வார்னிஷும் சொல்றாருங்க.

இந்தத் தண்ணி குடிச்ச பல்லுக்கு வார்னிஷும் போடலாமா, சீலன்ட் மட்டும் போதுமா?