மக்காச்சோளத்துக்கு அட்ராசின் அடித்த காட்டில் உளுந்து: சூடோமோனாஸ் விட்டால் சரியாகுமா?

கரிசல்காட்டான்:
பெரம்பலூர்க் கரிசல், பிஎச் 8.2, அதாவது கார மண். மக்காச்சோளத்துக்கு விதைத்த மூன்றாம் நாள் அட்ராசின் களைக்கொல்லி, 50 சதத் தூள், ஏக்கருக்கு 800 கிராம். அப்புறம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்து உளுந்து போடணும், மிஞ்சிய மருந்து அதைக் கருக்கிவிடுமோ என்று பயம். மண் பாக்டீரியாவே மருந்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். கடையில் விற்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தொழுவுரத்தில் கலந்து போட்டால் போதுமா? மருந்து மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மண்நோக்கி:
போதாது. கடையில் விற்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், வேரழுகல், வாடலுக்கானது. அட்ராசினை உடைப்பதில் பேர் வாங்கியது சூடோமோனாஸ் ஏடிபி. 1990-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், களைக்கொல்லி சிந்திய மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்கான மரபணுக்கள் அதன் பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. முதல் நொதி குளோரினைக் கழற்றிவிடும். களையைக் கொல்லும் சக்தி அங்கேயே போய்விடும். அடுத்த இரண்டு நொதிகள் பக்கக் கிளைகளை வெட்டினால் மிஞ்சுவது சயனூரிக் அமிலம். பிறகு அந்த அமில மூலக்கூறின் வளையமும் உடைந்து அமோனியாவும் கரியமில வாயுவும்.

பாக்டீரியா இவ்வளவு பாடுபடுவது அட்ராசினில் இருக்கும் நைட்ரஜனுக்காக. யூரியா போட்டால் சுலபமான தீனி கிடைத்துவிடும், அட்ராசினைச் சீண்டுவது குறையலாம். இதே வேலையைச் செய்யும் ஆர்த்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள், அட்ராசின் திரும்பத் திரும்ப விழுந்த காடுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்குக் குறைவது ஈரம். காய்ந்த மண்ணில் மருந்து அப்படியே கிடக்கும். அமில மண்ணில் பாக்டீரியா இல்லாமலும் ஓரளவு சிதையும், பிஎச் 7.5-க்கு மேல் அந்த உதவி மிகக் குறைவு. ஆகவே ஒரு தண்ணீர் கட்டி, மேலாக உழுது, இரண்டு மூன்று வாரம் ஈரம் காக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. காற்றில்லாத மண்ணில் சிதைவு மந்தமாகும்.

வரப்போரம்:
சோதனை எளிது. மேல் 10 செ.மீ. மண்ணைப் பத்து இடத்தில் எடுங்கள். ஸ்பிரேயர் திரும்பும் தலைமாட்டு மண்ணைத் தனியாக வையுங்கள், இரட்டிப்பு விழுவது அங்கேதான். வெயிலில் உலர்த்த வேண்டாம். மருந்தே படாத மண் ஒரு தொட்டி, காட்டு மண் ஒரு தொட்டி, அதே காட்டு மண்ணில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் தூள் ஒரு தேக்கரண்டி கலந்து இன்னொரு தொட்டி. ஒவ்வொன்றிலும் பத்து உளுந்து, கொஞ்சம் கடுகு. தொட்டியில் ஓட்டை இருந்தால் மருந்து கழுவிப் போகும். ஓட்டையில்லாத டப்பாவில் அளவாகத் தண்ணீர் விடுங்கள்.

முளைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். அட்ராசின் முளைப்பைத் தடுக்காது, ஒளிச்சேர்க்கையைத்தான் நிறுத்தும். அதனால் நிழலில் வைத்தால் பயிர் நன்றாக இருப்பதாகவே தெரியும். முழு வெயிலில் மூன்று வாரம் பாருங்கள். அடி இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால் மருந்து. நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. கரிசலில் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

கரிசல்காட்டான்:
அடுப்புக்கரி இடித்துப் போடலாமா?

வரப்போரம்:
உறிஞ்சும் திறன் போதாது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கார்பனைத் தூளாக்குங்கள். மருந்து படாத மண்ணும் கார்பன் தொட்டியும் பச்சையாக நின்று, வெறும் காட்டு மண் தொட்டி மட்டும் கருகினால் மிச்சம் இருப்பது உறுதி.

மண்நோக்கி:
அப்படியானால் இந்தப் போகம் உளுந்தை விட்டுச் சோளம் போடுங்கள், அது அட்ராசினைத் தாங்கும். ஆனால் அதற்கும் அட்ராசினே அடிக்காதீர்கள். வருடா வருடம் அதே மருந்து விழுந்தால் தின்னும் பாக்டீரியா பெருகி, மாதக்கணக்கில் நிற்க வேண்டியது சில நாளில் காலியாகும். அப்புறம் களை நிற்காது. டோஸைக் கூட்டியும் பயனில்லை. மக்காச்சோளத்துக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பெண்டிமெத்தலின் என்ற வேறு களைக்கொல்லிக்குப் போகலாம்.