பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓட வேண்டுமே!

மூணாறிலிருந்து:

எங்களுடையது பழைய எஸ்டேட் காலத்து வீடு, பலகைத் தரை. மழை ஓய்ந்த பிறகும் அறைகளில் பூஞ்சை நாற்றம் போகவில்லை. அலமாரியில் வைத்த தோல் செருப்பு பச்சை பூத்தது. வடக்கு அறையில் கால் வைத்தால் பலகை அமுங்கியது. பெயிண்ட் அடிப்பவர் சுவரைக் குறை சொன்னார். தச்சர் பலகையை மாற்றச் சொன்னார். குனிந்து அடியில் பார்க்க இருவருக்கும் முதுகு வளையவில்லை.

கட்டியவர்கள் அடிச்சுவரில் சுற்றிலும் காற்றுத் துளை விட்டிருந்தார்கள். பின்னால் குடிவந்தவர்கள் முற்றத்துக்கு சிமெண்ட் போட்டும், பூப்பாத்தி கட்டியும் பாதியைப் புதைத்துவிட்டார்கள். மேட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். சரிவிலிருந்து மண் இறங்கிச் சுவரை மூடி, துளை வழியாக மழைநீரே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் தண்ணீரைத்தான் கவனித்தோம். மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி, கூரைத் தகரத்து நீரைக் குழாய் வைத்துத் திருப்பிவிட்டோம். அதற்குப் பிறகே மண்ணை வழித்துத் துளைகளைத் திறந்தோம். துளைகள் எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால்தான் காற்று நுழைந்து வெளியேறும். எங்கள் வடக்கு அறைக்கு அடியில் குறுக்குச் சுவர் ஒன்று காற்றை அடியோடு மறித்திருந்தது. கொத்தனாரை வைத்து அதிலும் வழி விட்டோம். அடிமண்ணின் மேல் தடித்த பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். மண்ணிலிருந்து ஈரம் மேலேறுவதை அது தடுக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை அழுகவைக்கும் பூஞ்சை வளராது. புதுப் பலகை போடுவதற்கு முன்னால் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலகையைத் தாங்கும் பழைய மரச்சட்டம் ஈரமாக இருந்தால் புதுப் பலகையும் அதே வழியில்தான் போகும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மூணாறு அண்ணா சொன்னதோடு இன்னும் ஒன்று. எங்கள் தாத்தா வீட்டில் நெல் கொட்டும் பலகை அறை, கல்மேல் தூக்கிக் கட்டியது. துளைகள் கிழக்கிலும் மேற்கிலும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட கீழைக்காற்று அடித்தளத்தை அப்படியே உலர்த்திவிடும். ஆடியில் கதை வேறு. வெளிக்காற்றே நனைந்து கிடக்கும்போது எத்தனை துளை திறந்தாலும் மரம் காயாது. ஆடி மாதத்தில் மோந்து பார்த்துவிட்டு, காசு வீண் என்று கொத்தனாரைத் திட்டாதீர்கள், தை வரட்டும்.

துளைக்குக் கம்பி வலை அவசியம். வலையில்லாத ஒரு மூலையில் மரநாய் குட்டி போட்டு, ராத்திரி முழுக்கத் தரைக்கு அடியில் ஒரே ஓட்டம். பாட்டி பேய் என்றே முடிவுகட்டிவிட்டார். அதற்காகக் கொசுவலை அடிக்காதீர்கள். தூசியும் சிலந்தி நூலும் அடைத்துக் காற்றே போகாது.

வண்டிப்பெரியாறிலிருந்து:

எங்களுக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒட்டிய வீடு. எதிரெதிர்த் துளைக்கு வழியில்லை. பின்சுவரில் சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, முன்பக்கம் காற்று நுழையத் துளை விட்டோம். நுழைவழி இல்லாமல் ஃபேன் மட்டும் சுழன்றால் வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பலகை இடுக்கு வழியாக இழுக்கும். அடை மழை நாட்களில் நிறுத்திவிடுகிறோம். டார்ச் அடித்துப் பார்க்கும்போது அடிச்சுவரையும் கல்தூண்களையும் கவனியுங்கள். பென்சில் கனத்தில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான். அதற்குக் காற்று மருந்தாகாது, தனியாக மருந்து அடிக்கத்தான் வேண்டும்.