மறு: பள்ளிக்கூடத் தண்ணீர் – டவுன் கிளப் கேட்கும் இரண்டு லட்சம்

அனுப்பியவர்: செயலாளர், துபாய்

எல்லோருக்கும் வணக்கம். டவுன் கிளப் (ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சேவைச் சங்கம்) தலைவர் போன வாரம் போன் செய்தார். நம் நடுநிலைப்பள்ளிக்குப் புதிதாக ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினும், பெண்பிள்ளைகளுக்கு நான்கு கழிப்பறையும் செய்து தருகிறார்களாம். மொத்தம் ஆறு லட்சம். நான்கு அவர்கள் போடுகிறார்கள், இரண்டு நம் சங்கம் தர முடியுமா என்று கேட்கிறார். ஜூனுக்குள் திறப்பு விழா வைத்தாக வேண்டுமாம், அதனால் இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். தலைக்கு ஐயாயிரம் என்றால் நாற்பது பேர் போதும். சம்மதமா இல்லையா என்று இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். வாட்ஸாப்பில் தனித்தனியாக எழுதினால் அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.

அனுப்பியவர்: வடக்குத்தெரு, நியூ ஜெர்சி

அண்ணே, பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒன்று. எங்கள் அத்தை பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். இதே கிளப் முன்பு கொடுத்த மெஷின் சத்துணவுக் கூடத்தை ஒட்டின தகர ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் கறுப்புக் கிரானைட் கல், அதில் தலைவர், செயலர், பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள். கல் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிற குழாய்களில் உப்புப் பூத்து, வெள்ளையாக இறுகி, திருகினால் திரும்பவே இல்லை என்கிறார் அத்தை. உள்ளே உப்பை வடிகட்டுகிற மெல்லிய சவ்வு, மெம்பிரேன், போய்விட்டது. மாற்ற 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார் மெக்கானிக். கரண்ட் பில் யார் கட்டுவது என்பதில்தான் முதலில் நின்றிருக்கிறது, நின்ற மெஷினில் உப்பு ஏறிவிட்டது. தலைமையாசிரியை பஞ்சாயத்தைக் கை காட்டுகிறார், பஞ்சாயத்தில் கிளப்பைக் கை காட்டுகிறார்கள், கிளப்பில் கேட்டால் அது முன்பு இருந்த தலைவர் செய்த திட்டம் என்கிறார்கள்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோகாத பிள்ளை மோட்டார் ரூம் குழாயில் வாயை வைக்கிறது. நாமெல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம் என்று யாரும் எழுத வேண்டாம். நாம் குடித்தது ஊருணித் தண்ணீர். இது ஆழ்குழாய்த் தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்கிறது.

அனுப்பியவர்: கடை வீடு, சிங்கப்பூர்

ஆறு லட்சத்துக்கு மதிப்பீடு எங்கே? எந்தக் கம்பெனி மெஷின், மணிக்கு எத்தனை லிட்டர், கழிப்பறை ஒன்றுக்கு எவ்வளவு? மூன்று இடத்தில் விலை கேட்டார்களா? ஒரு தாளும் இல்லாமல் தலைக்கு ஐயாயிரம் என்று முடிவு செய்வது எப்படி? கும்பாபிஷேகத்துக்கு வசூலித்ததில் மிச்சம் இருந்ததே, அந்தக் கணக்கை நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதைக் கையில் வைத்திருப்பவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், நான் எழுதுவது அவருக்கும் தெரியும்.

அடுத்தது சட்டம். நம் சங்கம் சிங்கப்பூரில் பதிவானது. சங்கக் கணக்கிலிருந்து இந்தியாவில் இருக்கும் டிரஸ்டுக்கோ கிளப்புக்கோ பணம் போனால் அது அயல்நாட்டு நன்கொடை. வாங்குகிறவர்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பணம் புது டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதான கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும், வாங்கியவர் அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது இதில் வராது. நானும் நியூ ஜெர்சிக்காரரும் பாஸ்போர்ட் மாற்றியவர்கள். இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்துக்கு நாங்கள் அயல்நாட்டார்தான். எல்லோர் பணத்தையும் ஒரே பானையில் போட்டு அனுப்பிவிட்டு நாளைக்கு நோட்டீஸ் வந்தால் யார் போய் நிற்பது? ஊரில் இருக்கும் நம் அண்ணன் தம்பிதான் நிற்க வேண்டும்.

அனுப்பியவர்: பெரிய வீடு, கோலாலம்பூர்

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற இடம் எங்கள் ஐயா எழுதிக் கொடுத்தது. அன்றைக்குக் கல் வைத்தோமா, மாலை வாங்கினோமா? நம் ஊரில் தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் கட்டினார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து கண்மாய்க் கரையைப் பலப்படுத்தினார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயரே உண்டு, 2017-ல் அரசாங்கம் அதே பெயரில் திட்டம் போட்டது. இத்தனை இருக்க, கோட்டும் டையுமாக ஹோட்டலில் கூடிச் சாப்பிட்டுக் கலைகிற ஒரு சங்கம் வந்து நமக்குத் தண்ணீர் தர வேண்டுமா? நம் பணத்தில் அவர்கள் பெயரா? தருவதென்றால் நாமே தருவோம், நம் ஊர்ச் சங்கத்தின் பெயரில் தருவோம். இல்லையென்றால் என் பங்கு கிடையாது.

அனுப்பியவர்: நர்ஸ் வீடு, மெல்பர்ன்

தம்பிகளா, நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. ஆனால் கூடிச் சாப்பிட்டுக் கலைகிற சங்கம் என்று பெரிய வீட்டுத் தம்பி எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோதுதான் 1995 டிசம்பரில் நாடு முழுக்க முதல் போலியோ சொட்டு மருந்து நாள் வந்தது. மருந்து அரசாங்கம் கொடுத்தது. ஆனால் அந்த மருந்து சூடு தாங்காது, ஐஸிலேயே இருக்க வேண்டும். பின்னால் வந்த குப்பிகளில் ஒரு வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருக்கும், அந்தச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வெயிலில் பதினைந்து குக்கிராமத்துக்கு ஐஸ் பெட்டியை எதில் கொண்டுபோவது? ஜீப் கொடுத்தது கிளப்காரர்கள். ஐஸ் பாக்டரியில் விடியற்காலை நின்று ஐஸ் வாங்கி வந்தது கிளப்காரர்கள். ஆட்டோவில் மைக் கட்டியது, துண்டறிக்கை அடித்தது, உட்கார்ந்து வேலை பார்க்கிற அங்கன்வாடிப் பெண்களுக்குச் சாப்பாடு பொட்டலம் கொடுத்தது எல்லாம் அவர்கள்தான். டவுன் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். இடுப்பில் பிள்ளையோடு இறங்குகிற ஒருத்தியையும் விட மாட்டார். பிள்ளையின் இடது கைச் சுண்டு விரலில் மருந்து போட்டதற்கு அடையாளமான மை இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் கையோடு கூட்டிவருவார். அதற்கு எந்தச் சுவரிலும் கல் கிடையாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ரோட்டரி சங்கம் 1985-ல் போலியோவை உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று இறங்கியது. 2009-ல் நம் நாட்டில் 741 பிள்ளைகளுக்குப் போலியோ வந்தது, உலகத்தில் வந்ததில் கிட்டத்தட்டப் பாதி அது. ஒழிக்கவே முடியாது என்று பெரிய பெரிய டாக்டர்களே சொன்னார்கள். கடைசியாக வந்தது 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு பெண்குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது. இதைக் கிளப்புகள் மட்டும் செய்துவிடவில்லை. அரசாங்கம், யூனிசெஃப், எங்களைப் போன்றவர்கள், ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணிப் பெண்கள், லட்சக்கணக்கான பேர் நடந்தார்கள். ஆனால் அந்த நடைக்குத் தேவைப்பட்ட நூறு சின்ன விஷயம் எந்த அரசாங்கப் பட்ஜெட்டிலும் இல்லை, அதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய வீட்டுத் தம்பி, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட நான் வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. நாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மறுபடி வந்தேன், அப்போதும் இல்லை. அந்த ஜவுளிக்கடைக்காரர் வந்து உங்கள் ஐயாவிடம் பேசிய பிறகுதான் திறந்தது. இடம் கொடுத்த கை பெரிய கைதான், நான் மறுக்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றதையும் நான் மறக்கவில்லை.

நியூ ஜெர்சித் தம்பி, உன் அப்பத்தாவுக்குக் கண் திரும்பி வந்தது எப்படி என்று உன் அத்தையைக் கேள். பிள்ளையார் கோயில் முன்னால் பஸ் வந்து நின்று மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அவர்கள் முகாமில் டாக்டரும் கருவியும் ஆஸ்பத்திரியுடையது. இடம், விளம்பரம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, வரிசையை ஒழுங்கு செய்வது உள்ளூர்ச் சங்கத்துடையது. முற்காலத்தில் முகாம் நடக்கிற ஊரிலேயே பள்ளிக்கூட பெஞ்சை அடுக்கி ஆபரேஷன் செய்வார்கள். பிறகு, அங்கே பார்த்து எழுதிவிட்டு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கே பஸ்ஸில் கொண்டுபோவது என்று மாறியது. உன் அப்பத்தா பயந்துகொண்டு முதல் தடவை பஸ் ஏறவில்லை. கிளப்பிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி அடுத்த முகாமுக்கு ஏற்றிவிட்டான். பச்சைத் துணி கட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், கட்டு அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து, நீ இவ்வளவு கறுப்பா என்று கேட்டார்.

ஏன் இதெல்லாம் நிலைத்து நடந்தது, மெஷின் மட்டும் ஏன் படுத்தது? நான் யோசித்துப் பார்த்தது இதுதான். கிளப்பில் ஆள் உண்டு, வண்டி உண்டு, தாசில்தாரிடமும் கடைவீதியிலும் பழக்கம் உண்டு. ஏற்கெனவே பொறுப்புள்ள ஒருவர் தினமும் செய்கிற வேலைக்கு, அது ஆஸ்பத்திரியோ சுகாதாரத் துறையோ, அவர்கள் கை கொடுத்தால் அந்த வேலை பிரமாதமாக நடக்கும். ஒரு பொருளை வாங்கி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனால் படுத்துவிடும். ரோட்டரியானாலும் லயன்ஸானாலும் தலைவர் பதவி ஒரு வருஷம்தான், ஜூலை முதல் தேதி புதுத் தலைவர் வந்துவிடுவார். வருகிறவருக்குத் தன் வருஷத்தில் தன் பெயரில் ஒன்று செய்ய வேண்டும். பழைய மெஷினுக்கு மெம்பிரேன் மாற்றினால் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஜூனுக்குள் திறப்பு விழா என்று செயலாளர் தம்பி எழுதியிருக்கிறார் பாருங்கள், காரணம் அங்கேதான் இருக்கிறது. போலியோவில் தலைவர்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை.

எனக்கும் அவர்கள் மேல் மனத்தாங்கல் உண்டு. பத்து வருஷம் ஐஸ் பெட்டி தூக்கியவர்கள் நாங்கள், பாராட்டு விழாவில் பொன்னாடை டாக்டருடைய மனைவிக்கு. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதற்கே ரோட்டரிக்கு 1989 வரை ஆகியிருக்கிறது. அதற்காக அவர்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் புது மெஷின் வேண்டாம். பழையதை ரிப்பேர் செய்வோம். மீதிப் பணத்தை வங்கியில் போட்டு ஐந்து வருஷத்துக்கு மெம்பிரேன், ஃபில்டர், கரண்ட் பில், அப்புறம் தினமும் திறந்து கழுவிப் பூட்ட மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணுக்குச் சம்பளம் என்று ஒதுக்குவோம். மெஷின் வெளியே தள்ளுகிற உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்றும் பார்க்க வேண்டும், மெஷின் ஓடியபோது பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் விட்டார்கள், அப்படியே விட்டால் மரம் பட்டுப்போகும். கிளப் செய்ய வேண்டியது மாதம் ஒரு ஆள் வந்து ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு நமக்கு எழுதுவது. ஐந்து தலைவர் மாறினாலும் அது நடக்கும் என்று எழுதிக் கொடுக்கட்டும். ரோட்டரியின் உலக மானியத்துக்கு விண்ணப்பித்தால் ஊர்க்காரர்களைக் கேட்டுத் தேவை என்ன, பிறகு யார் பராமரிப்பார்கள் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதே கேள்வியை நாமும் கேட்போம். கழிப்பறையை நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம், மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசாங்கம் போடும். ஆனால் கூட்டிக் கழுவ ஆள் இல்லாத கழிப்பறையை ஆறு மாதத்தில் பூட்டிவிடுவார்கள். பெரிய பெண்கள் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவது அதனால்தான், இதை எந்த ஆணும் இந்தக் குழுவில் எழுதவில்லை.

அனுப்பியவர்: பெரிய வீடு, கோலாலம்பூர்

அக்கா, கேட் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஐயா காலத்து ஆள்கள் அப்படித்தான். எந்தப் பிள்ளைக்கு என்று எழுதவில்லை, என் தங்கச்சியாகத்தான் இருக்கும். அவள் இப்போது பினாங்கில் நல்லபடியாக இருக்கிறாள், உங்கள் மடலை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். பெண்பிள்ளைகள் கழிப்பறையைக் கூட்டிக் கழுவுகிறவருக்கு வருஷச் சம்பளம் எங்கள் வீடு தரும், ஊரில் இருக்கிற என் தம்பி கையால் தருவோம். பெயர் எழுத வேண்டாம். ஆனால் கிளப் பெயரும் எழுதக்கூடாது.

அனுப்பியவர்: கடை வீடு, சிங்கப்பூர்

நர்ஸ் அக்கா சொன்ன ஐந்து வருஷ ஏற்பாட்டுக்கு நான் சம்மதம். வைப்பு நிதிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று தலைமையாசிரியை, இன்னொன்று ஊரில் இருக்கும் நம் ஆள். கும்பாபிஷேகக் கணக்கு வைத்திருப்பவர் அந்த ஆளாக இருக்கக்கூடாது. மாதா மாதம் பில் படம் இந்தக் குழுவுக்கு வர வேண்டும். என் பணம் இதில் சேர முடியாது, அதனால் கணக்குப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அனுப்பியவர்: செயலாளர், துபாய்

கிளப் தலைவரிடம் பேசினேன். புது மெஷின் இல்லை என்றதும் கொஞ்சம் இறங்கிப்போனார். மாதம் ஒரு ஆள் வருவதைப் பற்றி அவர்கள் கூட்டத்தில் வைத்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். அடுத்த வருஷம் தலைவராக வரப்போகிறவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், அவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் வியாழக்கிழமை வருகிறார். அந்த 18,000-ஐ என் சொந்தக் கணக்கிலிருந்து இன்றைக்கு அனுப்பிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் தங்கள் பெயரை எனக்கு எழுதுங்கள், மீதிப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஞாயிற்றுக்கிழமை பேசலாம். நியூ ஜெர்சித் தம்பி, அத்தையிடம் கேட்டு ஷெட் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுது.